ஐந்தின் ஃபேக்டோரியல் 120தான்

பெறுநர்:
கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்கள்

பொருள்: பாடத்திட்டத்தை மாற்றாதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று போர்டு சொல்லும். போர்டில் இல்லாத தொழில் ஒன்றும் உண்டு: முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு சி++ வீட்டுப்பாடம் செய்ய உதவுவது. பாடத்திட்டம் மாறப்போவதாகக் காதில் விழுந்தது. வயிற்றில் புளியைக் கரைத்ததால் எழுதுகிறேன்.

தாங்கள் கட்டிக்காக்கும் டர்போ சி++ 1990களின் தொடக்கத்தில் வந்தது. சி++ மொழிக்கே உலகத் தரம் வகுத்தது 1998இல்தான். தரம் பிறப்பதற்கு முன்பே பாடத்தை முடித்துவிட்ட தங்கள் தொலைநோக்கு வேறு யாருக்கு வரும்? இன்றைய 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. பழைய டாஸ் விளையாட்டுகளை ஆடுவதற்காக எழுதிய டாஸ்பாக்ஸுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதைப் போட்டுக்கொள்ளத் தெரியாத பிள்ளைகள் லேப்டாப்போடு என்னிடம் வருகிறார்கள். ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். எல்லாம் தாங்கள் போட்ட பிச்சை.

இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். அதில் 'யூசிங் நேம்ஸ்பேஸ்' என்ற வரியைக் கண்டதும் டர்போ மிரண்டு நின்றுவிடும். நான் அந்த வரியை நீக்கி, 'இன்ட் மெயின்' என்பதை 'வாய்ட் மெயின்' ஆக்கி, முப்பதாண்டு பின்னுக்குத் தள்ளிக் கொடுப்பேன். அதற்குத் தனிக் கட்டணம்.

தங்கள் வினாத்தாளில் 'ஐ பிளஸ்பிளஸ்' ஒன்றையும் 'பிளஸ்பிளஸ் ஐ' ஒன்றையும் கூட்டி விடை கேட்பீர்களே, அதற்கு நான் ரசிகன். இதற்கு இன்னதுதான் விடை என்று வரையறுக்க முடியாது என மொழியின் தரமே கைவிரித்துவிட்டது. தாங்கள் விடைக்குறிப்பில் துணிந்து ஓர் எண்ணைப் போட்டு மதிப்பெண்ணும் தருகிறீர்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அடக்கமானவர்கள் அல்லர். சென்ற பருவத்தில் ஒரு பெண் ஃபேக்டோரியல் நிரலோடு வந்தாள்.

"அண்ணா, அஞ்சு குடுத்தா 120 வருது. ஏழு குடுத்தா 5040. எட்டு குடுத்தா மைனஸ் 25216 வருதுண்ணா. எங்க தப்பு?"

தங்கள் கையேட்டில் ஐந்துதான் இருக்கிறது. சீனியர் ரெக்கார்டிலும் ஐந்து, அவருடைய சீனியரிடமும் ஐந்து. எட்டைக் கொடுக்கச் சொன்னது யார்? என் கெட்ட நேரம், விளக்க உட்கார்ந்துவிட்டேன். டர்போவில் இன்ட் என்றால் 2 பைட். 32767க்கு மேல் கொள்ளாது. எட்டின் ஃபேக்டோரியல் 40320. அதைத் திணித்தால் 65536 கழிந்து, மைனஸ் 25216 ஆக வெளியே வருகிறது. ஏ4 தாளில் பிட்டுகளைப் போட்டுக் காட்டினேன். 'லாங்' என்று மாற்றினால் 4 பைட் கிடைக்கும் என்றேன். கொஞ்ச நேரம் விரலால் தாளைத் தட்டிக்கொண்டிருந்தவள், "அப்ப பன்னெண்டு வரைக்கும் தாங்கும், பதிமூணுல மறுபடி உடைஞ்சிரும்" என்றாள். நான் சொல்லாமலே. அரை மணி நேரம் மிஷின் ஓடவில்லை, ஒரு ரூபாய் வரவில்லை.

அந்தக் கணக்கை அவள் ரெக்கார்டிலும் எழுதிப் போயிருக்கிறாள். பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஐந்தைப் போட்டுத் திரும்ப எழுதச் சொன்னார்களாம். மிகச் சரியான முடிவு. தப்பான அவுட்புட் ரெக்கார்டில் இருந்தால், ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே 'நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது' என்று எப்படி எழுதுவது? அந்த வாக்கியத்தை மட்டும் எல்லாப் பக்கத்திலும் முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, பிறகு சாவகாசமாக நிரலைக் காப்பியடிக்கும் பிள்ளைகளை என் கடைத் திண்ணையில் தினமும் பார்க்கலாம். அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஆகவே, ரெக்கார்டில் 'எனக்கு வந்த எர்ரர், நான் கண்டுபிடித்த காரணம்' என்று ஒரு பக்கம் ஒதுக்கலாம் என யாராவது கூட்டத்தில் யோசனை சொன்னால், தயவுசெய்து நிராகரித்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள், கடை வாடகை வேறு.

இப்படிக்கு,
தங்கள் பாடத்திட்டத்தால் வாழும்
ஜெராக்ஸ் கடைக்காரன்