பெயர் பரப்பியல்: ரிஷிவந்தியம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்பின் அறியாதவர்களும் தன் பெயரைச் சொல்லும்படி செய்துகொள்ளும் முயற்சி பெயர் பரப்பல் எனப்படும். ஃபிளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியல், கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’, பாட்காஸ்ட் ஆகியவை இதன் வகைகள். இவற்றுள் பாட்காஸ்ட் காலத்தால் பிந்தியது, செலவு குறைந்தது, கேட்பாரும் குறைவு. இத்துறைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரம் தக்க களம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்பக்கத்தில் யாராவது ஒருவர் பெயர் பரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். சான்றுகள் பாட்டிலும் காசிலும் கல்லிலும் சுவரிலும் கிடைக்கின்றன.

காலத்தால் முந்தியவர் மலையமான் திருமுடிக்காரி. பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவிலூரைச் சார்ந்த நாட்டை ஆண்ட இவர் கடையெழு வள்ளல்களுள் ஒருவர். இவர் பெயர் காரி. இவர் ஏறிய குதிரையின் பெயரும் காரி. உரிமையாளருக்கும் வாகனத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் கேட்பவர் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்பார் என்பது இன்றைய விளம்பரக் கம்பெனிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் கருத்து. இவ்வட்டாரத்தில் கிடைத்த மலையமான் காசுகளிலும் குதிரை நிற்கிறது. சந்தையில் உப்பு வாங்கியவன் மடியிலும் மன்னனின் சின்னம் ஏறியிருக்கும்.

ஆயினும் காரி தன்னைப் பற்றித் தானே ஒரு வரியும் பாடியதாகப் புறநானூற்றில் இல்லை. அந்த வேலையைக் கபிலர் பார்த்துக்கொண்டார். 123ஆம் பாட்டில் அவர் வைக்கும் வாதம் கவனிக்கத்தக்கது. கள் குடித்து மகிழ்ந்திருக்கும் நேரத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது. இவனோ தெளிந்த நிலையில் கொடுப்பவன் என்கிறார். சக வள்ளல்கள் யார் பெயரையும் சொல்லாமல் அத்தனை பேரையும் ஒரே அடியில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளும் உத்தி இது. 121ஆம் பாட்டில் அதே கபிலர் வேறொரு கோரிக்கையும் வைக்கிறார்: கொடுப்பது எளிது, தரம் அறிந்து கொடுப்பதுதான் அரிது, ஆகவே புலவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காதே. நிகழ்ச்சிக்கு வந்த சிறப்பு விருந்தினர் தனக்கும் மற்றவர்க்கும் ஒரே சால்வை போர்த்தப்பட்டதைக் கண்டு முகம் சுளித்ததற்கு இதைவிடப் பழைய பதிவு கிடைப்பது கடினம். இவற்றிலிருந்து பெயர் பரப்பியலின் முதல் விதி பெறப்படுகிறது: புகழ் பிறர் வாயில் பிறக்க வேண்டும். அந்த வாய்க்குக் கொஞ்சம் கோபமும் இருந்தால் நம்பகத்தன்மை கூடும்.

இரண்டாவது விதி கல்லில் உள்ளது. மலையமான் குலத்து வானவன் மாதேவியின் மகனாகிய முதலாம் ராஜராஜன் 985இல் பட்டமேறினான். கல்வெட்டு எந்த ஊருடையதாயினும், செய்தி ஆடு தானமாயினும் நிலக் கிரயமாயினும், முன்னால் தன் மெய்க்கீர்த்தி வரவேண்டும் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியவன் இவன். வெற்றிகள் பெருகப் பெருக முன்னுரையும் நீண்டது. மகன் ராஜேந்திரன் காலத்தில் மேலும் நீண்டது. விளக்கெரிக்க விட்ட ஆட்டின் கணக்கை அறிய வந்தவர் கடல் கடந்த வெற்றிகளை முதலில் கடந்தாக வேண்டும். பாட்காஸ்டின் தொடக்கத்தில் இசையோடு வரும் அறிமுகம் இதன் வழித்தோன்றல். முன்னுரையைத் தாண்டிச் செல்லும் பொத்தான் சோழர் காலத்தில் இல்லாததால் அப்போது பயன் அதிகம்.

நவீன காலத்துக்குரிய முதன்மைச் சான்று ரிஷிவந்தியம் சட்டமன்றத் தொகுதியே. விஜயராஜ் என்ற பெயரோடு 1952இல் பிறந்த விஜயகாந்தின் நூறாவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’ 1991இல் வெளிவந்தது. படத்தில் அவர் வனத்துறை அதிகாரி. இருந்தும் ‘கேப்டன்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அதன்பின் சுவரெழுத்திலும் மேடையிலும் ரசிகர் மன்றப் பலகையிலும் ஒரே சொல்தான். நடுவில் யாரும் அதை மேஜர் என்று உயர்த்தவில்லை. 2005இல் கட்சி தொடங்கி, 2006இல் விருத்தாசலத்தில் வென்று, 2011இல் ரிஷிவந்தியத்தில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். சென்னைச் செய்திகளில் ரிஷிவந்தியம் என்ற பெயர் அத்தனை முறை அடிபட்டது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை எனலாம். 2016இல் பக்கத்து உளுந்தூர்ப்பேட்டைக்கு மாறி மூன்றாம் இடம் பெற்றார். பட்டம் மட்டும் அசையவில்லை. 2023 டிசம்பர் 28இல் அவர் மறைந்தபோதும் ஊர் சொன்னது ‘கேப்டன் போயிட்டாரு’ என்றுதான். வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பது, பெயர் அப்படியல்ல.

ஃபிளெக்ஸ் பேனர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே தலைவர்கள், நடுவில் பிறந்தநாள்காரர், அடியில் பாஸ்போர்ட் அளவில் ஊர்ப் பிள்ளைகள். பிறந்தநாள்காரர் செல்போனைக் காதில் வைத்திருப்பார். மறுமுனையில் யார் என்று எந்தப் பேனரும் சொல்வதில்லை. உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பிறகு நீக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் சட்டப்படி வளர்ந்திருக்கக்கூடிய ஒரே வகை ‘கண்ணீர் அஞ்சலி’.

ஒலிவழிப் பெயர் பரப்பலில் தலைசிறந்தது காய்கறி வண்டி. தினமும் ஏறத்தாழ அதே நேரத்தில் தெருமுனையில் திரும்பும் குட்டியானை, அதன் தலைமேல் புனல் ஸ்பீக்கர், பென் டிரைவில் பதிந்த குரல். பதிவின் நடுவே பேசியவர் ஒருமுறை இருமுவார். பின்னால் ஒரு பைக் கடக்கும். அந்த இருமல் மாதக்கணக்கில் அதே இடத்தில் வரும். இரண்டாம் வாரத்திலேயே தெருப் பிள்ளைகள் இருமலோடு சேர்த்து அதை ஒப்பிப்பார்கள். பெண்கள் இருமல் சத்தம் கேட்டதும் கூடையோடு வாசலுக்கு வருவார்கள். சந்தாவும் இல்லை, மணிப் பொத்தானும் இல்லை. இந்த அளவுக்குக் கேட்பவர் விசுவாசம் பெற்ற பாட்காஸ்ட் எதுவும் இப்பகுதியில் இல்லை.

பாட்காஸ்டின் குறைபாடு இங்கேதான் விளங்குகிறது. இதில் பாடுபவரும் பாடப்படுபவரும் பரிசில் எதிர்பார்ப்பவரும் ஒருவரே, கபிலருக்கு இடமில்லை. மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காலர் மைக்கோடு அமரும் இளைஞர் ‘வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி’ என்று வியர்வையில் நனைந்தபடி பேசுகிறார். முதல் எபிசோடை மாமன் மகன் கேட்கிறார். இரண்டாவதை அவரும் பிறகு கேட்பதாகச் சொல்கிறார். இதற்கு மாற்றாக இன்னொரு பாட்காஸ்டரை விருந்தினராக அழைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. இவர் அவரைப் புகழ்வார். மறுவாரம் அவர் இவரைப் புகழ்வார். மொய்க் கணக்கில் புழங்கிய ஊருக்கு இம்முறை புதிதல்ல.

எஞ்சியிருப்பது விடாமுயற்சி. இதற்கு உள்ளூர் முன்மாதிரி அர்த்தநாரீஸ்வரர் கோயில். இங்கே தேன் அபிஷேகத்தின்போது லிங்கத் திருமேனியில் அம்மையப்பன் உருவம் தெரிவதாகப் பக்தர்கள் நம்புகின்றனர். அபிஷேகம் கூட்டத்தை எண்ணிப் பார்த்துத் தொடங்கப்படுவதில்லை. மழை நாளில் நான்கு பேர் நின்றாலும் தேன் ஊற்றப்படுகிறது. பாட்காஸ்டரோ நான்கு பேர் கேட்ட அன்றே அடுத்த எபிசோடைத் தள்ளிவைக்கிறார். கோயில் நிலைத்ததற்கும் எபிசோடுகள் ஐந்தோடு நின்றதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாட்காஸ்ட் தொடங்க எண்ணும் இவ்வட்டாரத்தார் ஆடி மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. தெருவுக்குத் தெரு மாரியம்மன் கூழுக்குக் கட்டிய ஸ்பீக்கரை எந்தப் போர்வையும் தடுக்காது.