உள்ளங்கால் இயல்: ஷ்வேடகன் பகோடாவை முன்வைத்து

சுற்றுலாவைக் கண்ணின் தொழில் என்று நம்பி வந்தது பயண இலக்கியத்தின் பழம்பிழை. ரங்கூனின் ஷ்வேடகன் பகோடாவுக்கு உச்சிவெயிலில் போகிறவர் எதைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார், எதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவருடைய உள்ளங்காலே என்பது இக்கட்டுரையின் துணிபு. சிங்குத்தர மலைமேல் ஏறத்தாழ 99 மீட்டர் உயரத்தில் பொன்தூபி. அதைச் சுற்றிப் பரந்த பளிங்கு முற்றம். ஏப்ரல் பகலில் 37 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் ஊர். செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாதென்ற விதி. இந்த நான்கும் கூடும் இடத்தில் கண்ணுக்கு என்ன அதிகாரம் மிஞ்சும்? வந்தவர் முதல் நாலு அடியைக் கம்பீரமாக வைக்கிறார். ஐந்தாவது அடியில் குதிகால் தூக்கிக்கொள்கிறது. பிறகு வெள்ளைக் கல்லாகத் தேடி, கறுத்த கல்லைத் தாண்டி, தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர் மாதிரி ஓடி, கூரையுள்ள ஒரு மண்டபத்தில் போய் நிற்கிறார். அங்கேதான் அவருக்குக் கலை ரசனை பொங்குகிறது. வெயிலில் நிற்கும் சிற்பத்துக்கு ஒரு பார்வையோடு சரி; கூரைக்கடியில் இருப்பதன் மரவேலைப்பாட்டை அங்குலம் அங்குலமாக வியக்கிறார்.

இதைவிட வலுவான சான்று கிழமைச் சந்நிதிகளில் இருக்கிறது. தூபியின் அடியில் எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு பிறந்த கிழமை. ஏழு கிழமையை எட்டாக்க, புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று பிரித்து, பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வடகிழக்கில் ஞாயிற்றுக்கிழமைக்குரிய கருடன். நேர் எதிரே தென்மேற்கில் சனிக்கிழமைக்குரிய நாகம். பயணிகள் குவியும் டிசம்பர், ஜனவரியில் மாலைச் சூரியன் தென்மேற்கில் சாய்வதால் தூபியின் நிழல் வடகிழக்கில் விழுகிறது. ஆக, சூரியனுக்குரிய நாளில் பிறந்தவர் நிழலில் நிற்கிறார்; சனிக்கிழமை பிறந்தவர் வெயிலில் காய்கிறார். ஏழரைச் சனிக்கு இத்தனை துல்லியமான நிலவியல் விளக்கம் நம் பஞ்சாங்கங்களில்கூடக் கிடையாது. பரிகாரமும் பக்கத்திலேயே உண்டு. தத்தம் கிழமைக்குரிய புத்தர் சிலைக்கு வயதுக்கு ஒரு குவளை, மேலும் ஒன்று எனப் பக்தர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சிலையின் தோளில் விழுந்து, மடியில் தேங்கி, பீடத்தைத் தாண்டி அந்தத் தண்ணீர் தரைக்கு வருகிறது. எழுபது வயதுப் பாட்டி ஊற்றும்போது பக்கத்தில் நிற்பவருக்கு எழுபத்தொரு குவளைக் குளிர்ச்சி. பள்ளிப் பிள்ளைகளின் பின்னால் நிற்பவருக்கு ஆய்வு முறையே தெரியவில்லை என்று பொருள்.

பாதத்துக்கு இத்தனை முக்கியத்துவம் தருவது மிகை என்பார் உண்டு. பர்மாவின் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1852 முதல் 1929 வரை இந்தக் குன்றில் பிரிட்டிஷ் படை தங்கியிருந்தது, பூட்ஸ் காலோடு. 1919இல் மாண்டலேயின் எய்ந்தோயா பகோடாவில் ஷூவுடன் நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கி விரட்டினார்கள். அதற்காக ஒரு பிக்குவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. காலணி விஷயத்தைக் கோயில் தலைமைப் பிக்குகளே முடிவு செய்யட்டும் என்று அரசு இறங்கிவந்தது. கழற்ற மனமில்லாத வெள்ளைக்காரர் பலர் மேலே ஏறுவதையே நிறுத்திக்கொண்டார்கள். தன்மானம்தான் காரணம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், யாராவது ஒருவர் முன்னதாகவே தரையைத் தொட்டுப் பார்த்திருப்பாரோ என்ற கோணம் இன்னும் ஆராயப்படவில்லை.

அதிகாலையிலோ விளக்கு வைத்த பிறகோ போனால் தரை குளிர்ந்திருக்குமே, அப்போது இந்தக் கொள்கை என்னாகும் என்றும் கேட்கலாம். உள்ளூர்க் குடும்பங்கள் அந்த நேரங்களில் வந்து முற்றத்தில் சாவகாசமாக உட்கார்வது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தது யார்? கால்தான். மழைக்காலத்தைக் காட்டி வாதிடுவோருக்கும் பதில் உண்டு. அப்போது பளிங்கு சுடாது, வழுக்கும். உலகம் சுற்றி வந்த பயணி, 99 மீட்டர்ப் பொன் தலைக்குமேல் நிற்க, அடுத்த கல்லை மட்டுமே பார்த்தபடி வலம்வருகிறார்.