ஆமை ஆசாரம்

பஞ்சபூதத் தலங்களுள் அக்கினிக்குரியதாகிய திருவண்ணாமலையில் வாசம் செய்துகொண்டே, அப்புத் தலமாகிய திருவானைக்காவில் பிறந்திருக்க வேண்டியவர்போல் அல்லும் பகலும் ஜலத்தையே உபாசித்து வருகிற கனவான் ஒருவரை, தேரோடும் வீதிகளுக்குப் பின்னாலுள்ள ஏதேனும் ஒரு சந்தில் நீங்கள் சந்திக்கலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வாஸ்து பிரகாரம் வாங்கி வைத்த கண்ணாடி ஆமை போதாதென்று உயிருள்ள ஆமையையே வாங்கி வளர்ப்பவர். பெயர் வேண்டாம், அவர் ஒரு ரகம்.

குழாயில் தண்ணீர் வந்ததும் அவர் முதலில் உபயோகிப்பது மூக்கைத்தான். ஒரு சொம்பில் பிடித்து, கண்ணை மூடி முகர்ந்து, "இன்னிக்கு பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கல்" என்று, பெருங்காயத்தை மதிப்பிடும் சமையற்காரரின் தோரணையில் தீர்ப்புச் சொல்லுவார். 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் தேங்கி ஊருக்கு வருகிற தென்பெண்ணை ஜலத்தில், ஜனங்களுக்கு வாந்திபேதி வராதிருக்கும் பொருட்டுச் சிரத்தையுடன் சேர்க்கப்படும் குளோரினை, ஆமையின் க்ஷேமத்தை முன்னிட்டு அதே சிரத்தையுடன் வெளியேற்றுவதே அவருடைய நித்தியானுஷ்டானம். நீல டிரம்களில் நிரப்பி, சாக்கட்டியால் தேதி எழுதி, ஒரு நாள் முழுவதும் வெயில்பட வைத்து, போகும்போதும் வரும்போதும் கழியால் கலக்கிவிடுவார். குளோரின் காற்றோடு போய்விடும். அவசரமென்றால், அந்நாளைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறையில் உபயோகித்த ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், ஒரு சிட்டிகை போதும். ஆனால் அவசரம் என்ற குணம் ஆமை வளர்ப்பவருக்கு ஏது?

இதில் அவருக்கு வாய்த்த ஜன்மப் பகை, டெங்குக் கொசுவைத் தேடி வீடு வீடாக வருகிற அம்மாள். "டிரம்ம மூடி வைங்க சார், இல்லன்னா அபேட் மருந்து ஊத்திடுவேன்" என்று அந்த அம்மாள் சொன்னதும், டிரம்முக்கும் அவளுக்கும் நடுவே பாய்ந்து நின்று அவர் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கைப்படி, இப்போது டிரம்களின் வாய்களைப் பழைய வேஷ்டிகள் அலங்கரிக்கின்றன.

ஆமை மீனல்ல, நுரையீரலால் சுவாசிப்பது. ஆகவே குளோரின் அதை மூச்சு முட்ட வைக்காது, கண்ணை உறுத்தும். அதைவிட, கழிவின் அம்மோனியாவைப் படிப்படியாக நைட்ரேட்டாக்கி உபகாரம் செய்கிற, ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும். உள்ளபடி சொன்னால், தண்ணீரை அடிக்கடி மாற்றுவதே பெரிய காரியம். இதை அவரிடம் எடுத்துச் சொன்னவர்களுக்கு, பாக்டீரியாக்களின் க்ஷேமலாபங்களைப் பற்றி ஒரு மணி நேர உபந்நியாசம் கிடைத்தது.

விசித்திரம் என்னவென்றால், இந்த மடி ஒருதலைப்பட்சமானது. ஆமையைத் தொட்ட கையால் சால்மொனெல்லா கிருமி பரவுகிறதென்று, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதையே 1975-இல் அமெரிக்கர்கள் தடை செய்தார்கள். நம் கனவானோ தொட்டியில் விட்ட கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு முறுக்கை எடுப்பார். "ஏங்க, நாம குடிக்கிற தண்ணிய என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்று மனைவி கேட்டால், "நமக்குப் பழகிப்போச்சு, அது அமெரிக்காக்காரன்" என்பார். உண்மைதான். நம்மூர்ப் பாலாமையையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், அவரிடம் இருப்பது மிசிசிப்பி நதிப் பிரதேசத்துச் சிவப்புக் காது ஆமை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அண்டை வீட்டார் ஆரம்பித்தால், மந்தர மலையைத் தாங்கிய கூர்மாவதாரத்தை அவர் துணைக்கு அழைப்பார். "பாற்கடல்ல குளோரின் இருந்ததா சார்?" என்று யாரோ ஒரு குறும்பர் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. ஐயங்குளத்தில் விட்டுத் தொலைக்கச் சொல்லுகிறவர்களிடம், அந்நிய ஆமை பெருகினால் நம்மூர் ஜீவராசிகளின் ஆகாரத்தில் மண் விழும் என்று மறுத்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் நியாயம் முழுவதும் அவர் பக்கம்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த மைத்துனர், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்த களைப்பில், பின்கட்டில் பக்குவமாகக் காய்ந்திருந்த டிரம் ஒன்றைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, "மாமா, தண்ணி என்ன சுகம்!" என்றார். கனவான் கோபிக்கவில்லை. பக்கத்து டிரம்மின் வேஷ்டி நனைந்திருப்பதைக் கவனித்தபடி, "சோப்பு போட்டீங்களா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாக்கட்டியைத் தேடப் போனார்.