சட்டமன்ற உறுப்பினர் பணி: விளக்கம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு வாக்காளர் (ஊர்ப் படிப்பகப் பொறுப்பு).

பெறுநர்: செயலாளர் அவர்கள், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: சட்டமன்ற உறுப்பினர் பணி – பணி விதிகள் குறித்து விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் படிப்பகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். அதில் ஒரு பையன், “சார், எம்.எல்.ஏ. வேலைக்கு நோட்டிபிகேஷன் எப்ப வரும்? கட்-ஆஃப் எவ்வளவு?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை 234 காலியிடம் விழுகிற வேலையை வழிகாட்டிப் பலகையில் போடாமல் விட்டால் எப்படி?

பலகையில் தகுதிக் கட்டத்தை நிரப்பிவிட்டோம். வயது 25 ஆகியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், படிப்பு கேட்பதில்லை. கிராம நிர்வாக அலுவலருக்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறார்களே என்று நாங்கள் வம்பு பண்ணவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவர்தான் இந்த மாநிலத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்.

சம்பளத்திலும் சிக்கல் இல்லை. 2017 ஜூலையில் 55,000 ரூபாயை ஒரே தாவில் 1,05,000 ஆக்கினார்கள். அந்த மாதம் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தற்செயல். ஓய்வூதியமும் 12,000இலிருந்து 20,000 ஆயிற்று. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்த ஆசிரியருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று சொன்ன அதே கஜானாதான். இதைப் பலகையில் எழுதியதும் பாதிப் பிள்ளைகள் குரூப் 4 புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

இடிப்பது ‘பணி விவரம்’ என்ற கட்டம். காலையில் உறுப்பினர் வீட்டு வாசலில் கூட்டம். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, கல்லூரி சீட்டுக்கு ஒரு தகப்பன். உதவியாளர் லெட்டர்பேடை மடியில் வைத்து, “ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்று எழுதி நீட்ட, கையெழுத்து விழுகிறது. அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. பிறகு ஒரு காதுகுத்து, இரண்டு கல்யாணம், நடுவில் ஒரு துக்கம். மாலையை வைத்துவிட்டுக் கார் ஏறுவதற்குள் முகத்தைக் கல்யாணத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடைத் திறப்பு. உட்கார இடம் நாலு பேருக்கு. பெயர்ப் பலகை மட்டும் அடுத்த ஊர்வரை தெரியும். இத்தனைக்கும் நடுவில் மனிதர் சட்டம் இயற்றுவது எப்போது?

பேரவையில்தானே என்பீர்கள். அங்கே மசோதா அரசுடையது, வாக்கு கொறடாவுடையது. உறுப்பினருடையது என்று பார்த்தால், தலைவரைப் புகழ்வதற்குப் போக மிச்சமிருக்கும் பேச்சு நேரமும், தட்டுவதற்கு ஒரு மேசையும்.

இனி நாங்கள் முற்றிலும் குழம்பிப்போன இடம்: பணிநீக்கம். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம் என்று 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் சொல்வதாகப் பிள்ளைகளுக்கு நடத்திவிட்டோம். பிறகு பழைய செய்தித்தாள்களைப் புரட்டியது வினையாயிற்று. 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சி உறுப்பினர்களைக் கூவத்தூர் விடுதியில் வைத்திருந்தார்கள். (வேலை நேரமா, விடுப்பா? பயணப்படி உண்டா?) 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு, ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த பதினொருவரும் அதே கட்சிக்காரர்கள். ஆகஸ்டில் அவர்களில் ஒருவர் துணை முதலமைச்சரானார், இன்னொருவர் அமைச்சரானார். அதற்கு மறுநாள் அதே கட்சியின் வேறு சிலர் முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். எந்த வாக்கும் போடவில்லை, கடிதம்தான். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரின் பதவி பறிபோனது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது.

ஆக, எதிர்த்து வாக்களித்தவருக்குப் பதவி உயர்வு, கடிதம் எழுதியவர் வீட்டுக்கு. எங்கள் மாதிரி வினாத்தாளில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாக வைத்தோம்; சரியான விடை எது என்று எங்களுக்கே தெரியாததால் எல்லாருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டோம். தனியாகப் போனால் தாவல், மூன்றில் இரண்டு பங்காகத் திரண்டு இன்னொரு கட்சியில் கலந்தால் இணைப்பு என்ற பாடத்தை மட்டும் பிள்ளைகள் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

பதவி பறிபோன அந்த 18 பேரின் தொகுதிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் கிடந்தன. அப்போதும் காதுகுத்து நடந்தது, கல்யாணம் நடந்தது, பேரவையில் மசோதாக்களும் நிறைவேறின. இதைப் பலகையில் எழுதலாமா கூடாதா என்பதையும் தெரிவிக்கவும்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பதினொருவர்மீதான புகார் உச்ச நீதிமன்றம்வரை போய், 2020இல் பேரவைத் தலைவரிடமே திரும்பி வந்தது. பேரவையின் ஆயுள் முடியும்வரை ஒருவர் பதவியும் போகவில்லை. எங்கள் மனுவை அந்தக் கோப்புக்கு அடியில் வைத்துவிட வேண்டாம். பையனுக்கு 25 வயது ஆக இன்னும் மூன்றாண்டுதான் இருக்கிறது.

இணைப்பு: தபால்தலை ஒட்டிய, சுயவிலாசமிட்ட உறை ஒன்று.

இப்படிக்கு,
வாக்காளர்
(பணி நிரந்தரம்; சம்பளமும் ஓய்வூதியமும் இல்லை)