கணக்குப் பார்க்காத மகாராஜா

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு ராஜா ஆண் வாரிசு இல்லாமல் செத்தால், அது அவர் வீட்டுத் துக்கத்தோடு முடியாது. அவர் பெயரையே கேள்விப்படாத உழவன் மகன், யார் அந்தச் சிம்மாசனத்தில் உட்காருவது என்பதற்காகக் குண்டடிபட்டுச் சாக வேண்டும். இதற்குத் தர்மயுத்தம் என்று பெயர். நம் ஊரில் இதைப் பங்காளிச் சண்டை என்பார்கள். ஆனால் நம் பங்காளிகள் தங்கள் மண்டையைத் தாங்களே உடைத்துக்கொள்ளும் நாணயஸ்தர்கள்.

பிரான்சின் 15ஆம் லூயி 1710இல் பிறந்தபோது ஸ்பெயின் வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1715இல், ஐந்து வயதில், கொள்ளுத்தாத்தா 14ஆம் லூயியின் கிரீடமும் கடனும் சேர்ந்து வந்தன. கிரீடம் குழந்தைக்கு, கடன் குடிகளுக்கு.

1725இல் கல்யாணம். மாமனார் ஸ்தனிஸ்லாவ் லெஷ்சின்ஸ்கி, பதவி பறிபோன போலந்து மன்னர். 1733இல் அந்த இடம் மறுபடி காலியானது. மாமனாருக்கு உத்தியோகம் பார்த்துத் தருவது மருமகன் கடமையல்லவா? போலந்துக்கான சண்டையைப் பிரெஞ்சுப் படை பெரும்பாலும் ரைன் நதிக்கரையிலும் இத்தாலியிலும் போட்டது. போலந்துக்குப் போனது ஒரு சிறு படைதான். டான்சிக் முற்றுகையில் சிக்கிய மாமனார் 1734இல் குடியானவன் வேஷத்தில் தப்பினார். அந்த உடுப்பு ஒரு ராஜாவின் உயிரைக் காப்பாற்றியது. அந்த உடுப்போடு பிறந்தவனுக்கு அப்படி ஒரு வேஷம் கிடைக்கவில்லை. கடைசியில் மாமனாருக்கு ஆறுதல் பரிசாக லொரேன் என்ற நாடு கொடுக்கப்பட்டது. லொரேன் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1740 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஆறாம் சார்லஸ் இறந்தார். மகள் மரியா தெரேசாவே தன் வாரிசு என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார் பாவம். பிரான்சும் கையெழுத்திட்டிருந்தது. டிசம்பரில் பிரஷ்யாவின் பிரெடரிக் சிலேசியாவுக்குள் நுழைந்ததும், நமது லூயியும் கையெழுத்தை மறந்து கொள்ளையில் சேர்ந்துகொண்டார். பிரான்சின் கிராமங்களில் சீட்டுக் குலுக்கிப் பையன்களைப் படைக்குப் பிடித்தார்கள்.

1745 மே 11, ஃபோந்தெனுவா. லூயி தன் மகனோடு களத்துக்கே வந்தார். வெற்றி. அன்று விழுந்து கிடந்தவர்களைக் காட்டி, வெற்றியின் விலை என்ன என்று பார்த்துக்கொள்ளும்படி மகனுக்குப் புத்தி சொன்னாராம். எவ்வளவு இளகிய மனசு! இளகிய மனசோடு மேலும் மூன்று ஆண்டுகள் அதே விலையைக் கொடுத்தார், அடுத்தவன் பிள்ளைகளை எண்ணி எண்ணி.

1746இல் பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. அதே ஆண்டு இங்கே ஆங்கிலேயரின் மதராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். வியன்னாவில் ஒரு பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டா என்ற வழக்குக்கு, செயின்ட் ஜார்ஜ் கோட்டைச் சுவரில் பீரங்கி வாதாடியது. 1748இல் ஏ-லா-ஷப்பேல் உடன்படிக்கையில் தீர்ப்பு வந்தது. பிடித்த நாடுகளை எல்லாம் லூயி திருப்பிக் கொடுத்தார். கனடாப் பக்கத்து லூயிஸ்பூர்க் கோட்டை பிரான்சுக்கு, மதராஸ் இங்கிலாந்துக்கு. சிலேசியா மட்டும் பிரெடரிக் பையில் பத்திரமாக இருந்தது. தான் வியாபாரி அல்ல, அரசன். அரசனைப் போலத்தான் சமாதானம் பேசுவேன் என்பது லூயியின் பெருமிதம். பாரிஸ் தெருவிலோ, முட்டாளைத் திட்ட 'இந்தச் சமாதானம் மாதிரி மடையன்' என்றார்கள்.

வியாபாரி அல்லாதவர் அடுத்த ஆண்டே கல்லாவைத் திறந்தார். 1749இல் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. போர் முடிந்தும் தொடரும் வரி. எல்லோருக்கும் பொது என்றார்கள். திருச்சபை முறைத்தது. 1751இல் அரசர் பின்வாங்கினார். கடவுளின் சொத்துக்கு விலக்கு. பிரபுக்கள் தம் பங்கைப் பேரம் பேசிக் குறைத்துக்கொண்டார்கள். பேரம் பேசத் தெரியாதவன் முழுசாகக் கட்டினான். அவன் வீட்டில்தான் ஒரு பையன் குறைந்திருந்தான்.

நாடுகளைத் தானம் செய்யும்போது கணக்குப் பார்ப்பது அற்பத்தனம். ஏழையின் உப்புக்கு வரி போடும்போது கணக்குப் பார்ப்பது ராஜநீதி. வீரத்தைப் பாட ஆள் உண்டு, வெற்றிக்குப் பூசை உண்டு. கால் போனவனுக்கு மட்டும் வரிவிலக்கு கேட்க யாரும் இல்லை. இந்த வெட்கங்கெட்ட தாராளத்துக்கு வரலாற்றுப் புத்தகங்கள் இன்னும் 'அன்பிற்குரியவர்' என்ற பட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிகின்றன.

1774 மே 10 அன்று பெரியம்மை அவரைக் கொண்டுபோனது. பிணத்தைப் பகலில் எடுத்துச் செல்லத் துணிவில்லாமல் இரவில் சாந்-தெனி தேவாலயத்துக்கு விரைந்தார்கள். வழியில் நின்றவர்கள் கேலிக் கூச்சல் போட்டார்கள். பேரன் 16ஆம் லூயிக்குக் கிரீடத்தோடு கடனும் வந்தது. ஐரோப்பாவே சிம்மாசனங்களுக்காக அடித்துக்கொண்ட நூற்றாண்டு அது. அந்தக் கடனுக்கு மட்டும் ஒரு ராஜாவும் பங்கு கேட்டு வரவில்லை.