ஆறு நிமிடம் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மதிப்பிற்குரிய தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
ஆட்சிக் குழு,
எங்கள் மகள் படிக்கும் சார்ட்டர் பள்ளி,
கலிஃபோர்னியா.

பொருள்: தங்க வேட்டை நாளன்று நூலகத்தில் உட்காரவைக்கப்பட்ட ஏழு பிள்ளைகள் – தொடர்பாக.

பார்வை: 1. எனது நான்கு ஆங்கிலக் கடிதங்கள். 2. தங்களது நான்கு நன்றிகள்.

ஐயா, அம்மையீர்,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். முந்தைய நான்கையும் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை. தமிழில் எழுதினால், படிக்காமல் இருந்ததற்கு உங்களுக்கு நியாயமான ஒரு காரணமாவது இருக்கும். இவ்வளவு நாளும் அது இல்லாமல் நீங்கள் பட்ட சங்கடத்தை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

முதலில் பாராட்டு. நான்காம் வகுப்பில் கலிஃபோர்னியா வரலாறு நடத்துகிறீர்கள். 1848 ஜனவரியில் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் மினுங்கும் துணுக்கு ஒன்றைக் கண்டெடுத்ததும், உலகமே தட்டும் மண்வெட்டியுமாக இங்கே ஓடிவந்ததும் பாடம். அதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும் என்று பள்ளி மைதானத்தில் தொட்டி வைத்து, மணல் கொட்டி, தங்க நிறக் கற்களைப் போட்டு அலசவிட்டீர்கள். நல்ல யோசனை. அதற்கு 40 டாலர் “விருப்ப நன்கொடை” கேட்டு ஒரு சீட்டும் வந்தது. விருப்பம் என்ற சொல்லை அகராதிப்படி புரிந்துகொண்டது எங்கள் பிழை. பணம் கட்டிய பிள்ளைகளின் கையில் மஞ்சள் காகிதப் பட்டை. பட்டை இல்லாத ஏழு பேர் நூலகத்தில். ஜன்னல் வழியாகத் தொட்டிகள் நன்றாகத் தெரிந்ததாம். அதற்குக் கட்டணம் ஏதும் வாங்கவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

எங்களால் கொடுக்க முடியாத தொகை இல்லை. மற்ற ஆறு பேரில் சிலர் வீட்டில் அது ஒரு வாரச் சமையல் சாமான். ஏழு பேரில் ஐந்து பேர் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள். 1850இல் இந்த மாநிலச் சட்டமன்றம், தங்கம் தோண்ட வந்த அயல்நாட்டவரிடம் மாதம் 20 டாலர் வரி வசூலிக்கச் சட்டம் போட்டது. அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்முறையாகவே நடத்திக் காட்டிவிட்டீர்கள். வரி மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது.

வகுப்பாசிரியைக்கு எழுதினேன். எழுதியதற்கு நன்றி, முதல்வரிடம் கேளுங்கள் என்றார். முதல்வர் நன்றி சொல்லி, நிர்வாக இயக்குநரிடம் அனுப்பினார். இயக்குநர் நன்றி சொல்லி, இது பள்ளி அளவிலேயே தீர்க்க வேண்டிய விஷயம் என்று முதல்வரைக் கைகாட்டினார். ஆகவே உங்களுக்கு எழுதினேன். அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடுவதில்லை, தங்கள் கடிதம் இயக்குநருக்கு அனுப்பப்பட்டுள்ளது, அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் இதைச் செக்கு சுற்றுவது என்போம். செக்கிலாவது கடைசியில் எண்ணெய் வரும்.

பிறகுதான் யாரோ சொல்லி யூனிஃபார்ம் கம்ப்ளைன்ட் ப்ரொசீஜர் பற்றித் தெரிந்தது. எங்களோடு தங்கியிருக்கும் என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு, “சட்டை நெறம் மாறிப்போச்சாம்மா?” என்றார். யூனிஃபார்மைப் பற்றிய புகார் இல்லை மாமா, எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரியான புகார் நடைமுறை என்று விளக்கினேன். இந்த மாநிலத்தில் அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம். பாடத்துக்கு வெளியே நடக்கும் இசை, நாடகம், விளையாட்டுக்குக்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1984இலேயே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2012இல் வந்த சட்டம், சார்ட்டர் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்று பெயர் சொல்லியே எழுதியது. நன்கொடை கேட்கலாம், கொடுக்காத பிள்ளையை ஒதுக்கிவைக்கக் கூடாது. மீறினால் புகார் கொடுக்கலாம், 60 நாளில் விசாரித்துப் பதில் தர வேண்டும்.

கொடுத்தேன். அறுபதாவது நாள் மாலை பதில் வந்தது. உங்கள் காலந்தவறாமையை யாரும் குறை சொல்ல முடியாது. “தீர விசாரித்ததில் நன்கொடை முழுக்க விருப்பத்தின் பேரிலானது எனத் தெரியவந்தது” என்று இருந்தது. விசாரித்தவர் யார் என்று கையெழுத்தைப் பார்த்தேன். அந்த 40 டாலர் சீட்டில் கையெழுத்துப் போட்டவரேதான். தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்து, தன் பதிலில் தானே திருப்தியடைந்திருக்கிறார். இவ்வளவு ஒத்துழைப்பு கொடுத்த சாட்சி எந்த நீதிமன்றத்துக்கும் கிடைத்திருக்காது.

இதன் சூட்சுமம் பிறகு புரிந்தது. புகார் சரி என்று ஒரு பள்ளி ஒப்புக்கொண்டால், புகார் கொடுத்தவரோடு விஷயம் முடியாது. பாதிக்கப்பட்ட பெற்றோர் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு பெண்ணுக்கு நியாயம் கொடுத்தால் மொத்த வகுப்புக்கும் கொடுக்க வேண்டிவரும். இவ்வளவு நியாயத்துக்குப் பட்ஜெட்டில் இடம் இருக்காதுதான். மாநிலக் கல்வித் துறைக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டேன். அது தன் வேகத்தில் நடக்கட்டும்.

இனி உங்கள் கூட்டம். மாதத்தின் மூன்றாம் திங்கள் மாலை 6 மணி. நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை 5.55க்கு ஒட்டுகிறீர்கள். வார விடுமுறையில் பள்ளி வாசலுக்கு வந்து படிக்கும் அணில்களுக்கு அது மிகவும் பயன்படுகிறது. (இணையதளத்திலும் போடுகிறீர்கள். இல்லையென்று நான் சொல்லவில்லை.)

நீங்கள் ஐந்து பேர். பக்கத்து வட்டாரப் பள்ளிக் குழுவைப் போல உங்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் விலகினால் மீதி நால்வர் கூடி ஐந்தாமவரை அழைத்துவருகிறீர்கள். நாட்டிலேயே முதலில், 1991இல், சார்ட்டர் சட்டம் போட்ட மின்னசோட்டாவில் குழுவில் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் இருந்தாக வேண்டும், அதற்குத் தேர்தலும் உண்டு. அங்கே குளிர் அதிகம். மக்கள் இப்படி ஏதாவது செய்து பொழுதைப் போக்குகிறார்கள் போலிருக்கிறது. மறு ஆண்டே சட்டம் போட்ட நம் கலிஃபோர்னியாவில் வெயில் நன்றாக இருப்பதால் அந்தத் தொந்தரவு வைத்துக்கொள்ளவில்லை.

மாமனார் திருநெல்வேலிப் பக்கம் ஒரு உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “எய்டட் ஸ்கூல் மாதிரில்லா இருக்கு! சம்பளம் சர்க்கார் குடுக்கும், சாவி தாளாளர் கையில இருக்கும்.” கூட்டம் திங்கட்கிழமை என்றதும் அவருக்கு உற்சாகம். “நம்ம ஊர்லயும் திங்கக்கிழமைதாம்மா மனு. கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா வேலை நடக்கோ இல்லையோ, ஒரு நம்பர் குடுப்பாங்க. இங்க நம்பர் உண்டா?” இல்லை மாமா, மூன்று நிமிடம் உண்டு என்றேன்.

அந்த மூன்று நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். மேடைக்கு முன்னால் ஒரு கடிகாரம், பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளோடு. ஏழு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது மஞ்சள். சட்டத்தைச் சொல்லும்போது சிவப்பு. முடித்ததும் ஐந்து முகங்களும் என்னைப் பார்த்து மென்மையாகச் சிரித்தன. “பிரவுன் சட்டப்படி நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்துக்கு நாங்கள் பதில் சொல்ல இயலாது, நன்றி” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து அந்தப் பிரவுன் சட்டத்தைப் படித்தேன். 1952இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் மைக்கேல் ஹாரிஸ் என்ற செய்தியாளர், உள்ளாட்சி அமைப்புகள் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகக் கூடுகின்றன என்று தொடர் எழுதினார். அதன் விளைவாக மொடெஸ்டோ சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் 1953இல் கொண்டுவந்தது இந்தச் சட்டம். சார்ட்டர் பள்ளிகளுக்கும் இது கட்டாயம் பொருந்தும் என்று 2019இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. நிரலில் இல்லாததை விவாதித்து முடிவெடுக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கச் சொல்லலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கதவைத் திறக்கச் செய்த சாவியை நீங்கள் தாழ்ப்பாளாகப் பயன்படுத்துகிறீர்கள்.

நடவடிக்கைக் குறிப்பில் என் புகாரைப் பதிவுசெய்ததற்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முழுப் பதிவும் இதுதான்: “பொதுமக்கள் கருத்து: ஒருவர் பேசினார்.” அடுத்த மாதம் அது எதிர்ப்பின்றி நிறைவேறியது.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் இயக்குநர் என்னிடம் அன்பாகத்தான் பேசினார். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரியுமா, குலுக்கலில் இடம் கிடைக்காமல் எத்தனை குடும்பங்கள் ஏங்குகின்றன தெரியுமா, இது நீங்களாக விரும்பித் தேர்ந்தெடுத்த பள்ளி அல்லவா என்றார். எவ்வளவு நாசூக்கு! பிடிக்காவிட்டால் போ என்பதை இதைவிட இனிமையாகச் சொல்ல எங்கள் மொழியில்கூட வழியில்லை. பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பதுதான் உங்கள் அடித்தளம். நாங்களோ அதைப் பள்ளிக்குள் வரும் வழி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்காக நீங்கள் பெற்றோரை மதிப்பதில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சென்ற ஆண்டு பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்க வட்டார அலுவலகத்தில் விசாரணை வந்தபோது, எங்களுக்கெல்லாம் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தீர்கள். பஸ் ஏற்பாடு, பீட்சா, என்ன பேச வேண்டும் என்று எழுதிய அட்டை. நானும் போனேன். “இந்தப் பள்ளியில் பெற்றோரின் குரலுக்கு மதிப்பு உண்டு” என்ற வரி எனக்கு வந்திருந்தது. நன்றாகவே பேசினேன். அந்த டி-ஷர்ட்டும் தங்க வேட்டைப் பட்டையும் ஒரே மஞ்சள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

பெரிய குற்றம் எதையும் உங்கள் மேல் சுமத்தவில்லை. 2019இல் சான் டியேகோவில் 11 பேர் மேல் வழக்குப் போட்டார்களே, 19 இணையவழி சார்ட்டர் பள்ளிகள், 40 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம், கோடையில் பந்து விளையாடவந்த பிள்ளைகளின் பெயர்களை வாங்கிச் சேர்க்கைக் கணக்குக் காட்டியது. அந்தப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் படிக்கிறோம் என்று தெரியாமலே படித்தார்கள். நீங்கள் அப்படியில்லை. உங்களிடம் இருப்பவர்கள் உண்மையான பிள்ளைகள். நூலகத்தில் உட்கார்ந்த ஏழு பேரையும் நானே எண்ணிச் சொல்ல முடியும்.

என் கோரிக்கை சிறியது. பிரவுன் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் என்றால் தமிழில் ஆறு. பேசுபவர் உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும் என்றோ, பெயரைப் பதிந்தால்தான் உள்ளே வரலாம் என்றோ நிபந்தனை கிடையாது. பள்ளியின் கொள்கைகளை விமர்சிப்பதைத் தடுக்கவும் கூடாது.

ஆகவே வருகிற மூன்றாம் திங்களன்று என் மாமனார் பேசுவார். அவருக்கு எண்கள் ஆங்கிலத்தில் வரும், கோபம் தமிழில்தான் வரும். நாற்பது டாலரை நாற்பத்தைந்து நிமிட வகுப்புகளாக வகுத்து ஏதோ கணக்குப் போட்டுவைத்திருக்கிறார், எனக்கே காட்டவில்லை. 35 வருடம் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி பேசியவர், மைக் வேண்டியதில்லை. தங்க வேட்டை நாள் விவகாரத்தை அன்றைய நிரலில் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சேர்த்தால் பதில் சொல்ல உங்களுக்குச் சட்டத் தடை ஏதும் இருக்காது. வெள்ளி மாலை 5.55க்கு வாசலில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்.

பின்குறிப்பு: மொழிபெயர்ப்பாளரை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. என் மகள் வருகிறாள். நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி.