மேல் அம்பு விசையைப் பிடுங்கியமை தொடர்பாக

பெறுநர்: ஆட்டமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட், மருத்துவக் கருவிப் பிரிவு.

பொருள்: தெராக்-25 இயந்திரத்தில் எப்போதாவது மட்டும் தலைகாட்டிய பிழையை நிறுவனம் இல்லையென்று நிறுவிய திறனைப் பாராட்டுதல்.

பார்வை: 1985 முதல் 1987 வரை மருத்துவமனைகளுக்கு நிறுவனம் அளித்த பதில்கள்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் முடுக்கி. எலக்ட்ரான் கற்றை, எக்ஸ்-கதிர் இரண்டையும் அதுவே தரும். எக்ஸ்-கதிர் முறையில் கற்றையின் மின்னோட்டம் எலக்ட்ரான் முறையைவிட ஏறத்தாழ 100 மடங்கு அதிகம். ஆகவே கற்றையின் குறுக்கே சரியான இயந்திர உறுப்பு வந்து நின்றதா என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. முந்தைய மாதிரியான தெராக்-20இல் இதைக் கண்காணிக்கத் தனி மின்சுற்றுகளும் பூட்டுகளும் இருந்தன. புதிய மாதிரியில் அவற்றில் பல தேவையில்லை என்று முடிவாயிற்று. பிடிபி-11 கணினியில் ஓடும் நிரல் பார்த்துக்கொள்ளும். அந்த நிரலை எழுதியவர் ஒரே ஒருவர்.

1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வு இந்த நம்பிக்கைக்கு எண்வடிவம் கொடுத்தது. நிரல் தேயாது, களைக்காது என்பது அதன் அனுமானங்களுள் ஒன்று. அதை மறுக்க யாராலும் இயலாது. கணினி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 10,000 கோடியில் ஒன்று என்றும் அது கணித்தது. கணக்கு வந்த வழியைக் காட்டி வாசகருக்குச் சலிப்பூட்டாதது அந்த ஆய்வின் நாகரிகம்.

1985 ஜூலையில் ஒண்டாரியோவின் ஹாமில்டனில் இயந்திரம் இடையில் நின்று, கதிரளவு எதுவும் போகவில்லை என்று திரையில் காட்டியது. இயக்குநர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். மீண்டும் நின்றது, மீண்டும் அழுத்தினார். நோயாளிக்கு மிகைக்கதிர் பாய்ந்திருந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்தும் கோளாறு திரும்ப நிகழவில்லை. ஒரு நுண்சுவிட்சின் மீது சந்தேகப்பட்டு, அதைச் சுற்றியிருந்த அமைப்பைத் திருத்திவிட்டு, பாதுகாப்பு குறைந்தது ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. கண்டுபிடிக்காத நோய்க்கு மருந்து கொடுத்து, குணமான விகிதத்தையும் சொல்வது எல்லா மருத்துவருக்கும் கைவராத கலை. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவிலிருந்து அடுத்த புகார் வந்தபோது, அந்தக் காயம் இயந்திரக் கோளாறாலோ இயக்குநர் தவறாலோ ஏற்பட்டிருக்க முடியாது என்று பதில் போயிற்று.

1986 மார்ச் 21. டெக்சாஸின் டைலர் நகரம். பழகிய கை என்பதால் இயக்குநர் மளமளவென்று தட்டச்சு செய்பவர். எலக்ட்ரானுக்கு உரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ்-கதிர் எழுத்து விழுந்துவிட்டது. மேல் அம்பு விசையால் பின்னே போய்த் திருத்தினார், தொடங்கினார். ‘கோளாறு 54’ என்றது திரை. 54 என்றால் என்னவென்று கையேட்டில் இல்லை. தேவையான 202 அலகில் 6 மட்டுமே போயிருப்பதாகக் காட்டியதால் மறுபடி அழுத்தினார். நோயாளிக்குப் பரிந்துரைத்த கதிரளவு 180 ராட். பாய்ந்ததாகப் பின்னர் மதிப்பிட்டது 16,500 முதல் 25,000 ராட் வரை. சில மாதங்களில் அவர் இறந்தார்.

பொறியாளர்கள் வந்தார்கள், 54 வரவில்லை. மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்றார்கள். மிகைக்கதிர் விபத்து வேறெங்கும் நடந்ததாகத் தெரியாது என்றும் சொல்லப்பட்டது. ஹாமில்டன் அதே கனடாவில்தான் இருக்கிறது. ஏப்ரல் 7 அன்று இயந்திரம் வேலைக்குத் திரும்பியது. ஏப்ரல் 11 அன்று மீண்டும் 54. அந்த நோயாளி மூன்று வாரத்தில் இறந்தார்.

பிழையைப் பிடித்தவர்கள் மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே இயக்குநரும். இருவரும் உட்கார்ந்து, நடந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து, 54ஐ வேண்டும்போதெல்லாம் வரவழைத்தார்கள். சூட்சுமம் வேகத்தில் இருந்தது. கற்றையைத் திருப்பும் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் திருத்தம் நடந்து முடிந்தால், நிரலின் ஒரு பகுதி அதைக் கவனிக்காது. இன்னொரு பகுதி கவனித்துவிடும். விளைவு: எலக்ட்ரானுக்கான உறுப்பு குறுக்கே நிற்க, எக்ஸ்-கதிருக்கான மின்னோட்டம் பாயும். திரையில் எல்லாம் சரியாக இருக்கும். இதைக் கேட்ட பிறகும் நிறுவனத்தாருக்கு முதலில் 54 வரவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பின்பே வந்தது. சோதனை செய்பவர்கள் நிதானமானவர்கள் என்பது குறையாகாது. அவசரப்படுகிறவர்கள் தினமும் வரிசையாக நோயாளிகளைப் பார்க்க வேண்டியவர்கள்தாம்.

அடுத்து வந்த தீர்வு வரலாற்றில் நிற்கத் தக்கது. ஏப்ரல் 15 தேதியிட்ட கடிதம், மேல் அம்பு விசையின் தலையைப் பிடுங்கிவிட்டு, உள்ளிருக்கும் தொடுமுனைகளை மின்காப்பு நாடாவால் திறந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னது. விசை ஏன் பிடுங்கப்படுகிறது, பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அதில் தெளிவாகச் சொல்லவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இந்த அடக்கம் பிடிக்கவில்லை. மே 2 அன்று இயந்திரம் குறைபாடுள்ளது என்றும் அறிவிப்பு போதாது என்றும் எழுதியது.

அதே பிழை தெராக்-20இலும் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அந்த இயந்திரத்தில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. மாணவர்கள் கண்டபடி தட்டி, திருத்தி, மறுபடி தட்டுவார்கள். பழைய பூட்டுகள் கற்றையை நிறுத்திவிடும். ஒரே பிழை ஓரிடத்தில் ஃபியூஸைத் தின்றது, இன்னோரிடத்தில் ஆளைத் தின்றது. டைலர் செய்தி வந்த பிறகே ஃபியூஸ் ஏன் போனது என்று அங்கே புரிந்தது.

1987 ஜனவரியில் யாக்கிமாவில் மறுபடி விபத்து. இது வேறு பிழை: ஒரு பைட் அளவுள்ள எண்ணி ஒவ்வொரு 256ஆவது எண்ணிக்கையிலும் பூச்சியத்துக்குத் திரும்பும் கணத்தில் இயக்குநர் பொத்தானை அழுத்தினால், சரிபார்ப்பே நடக்காமல் போகும். அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், நிரலைச் சாராமல் கற்றையை நிறுத்தும் மின்சுற்றும் திருத்தங்களில் ஒன்றாக இறுதியாயிற்று.

ஆகவே, ‘மீண்டும் நிகழ்த்த இயலவில்லை’ என்று முத்திரையிடும் படிவத்தில், சோதித்தவர் எவ்வளவு வேகத்தில் தட்டச்சு செய்தார் என்று நிரப்ப ஒரு கட்டம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.